அறிவொளித் தொண்டராக இருந்த அம்மாவுக்கு நினைவு மலர்: எதை எழுதுவது, எப்படி எழுதுவது?

கேள்வி கேட்டவர்: ஆலங்குடி மகள்

எல்லாருக்கும் வணக்கம். என் அம்மா போன ஐப்பசியில் தவறிவிட்டார். வயது 82. வருகிற ஐப்பசியில் முதலாம் ஆண்டு நினைவு நாள். அன்றைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சின்ன நினைவு மலர் போடலாம் என்று தம்பிகள் சொன்னார்கள். மூத்தவள், வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் எழுதுகிற பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

எங்கள் பக்கம் போடுகிற நினைவு மலர்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் பக்கத்தில் மாலை போட்ட படம், அடுத்து 'அன்பின் சிகரமே, பாசத்தின் ஊற்றே' என்று ஒரு கவிதை, அப்புறம் மகன், மருமகள், பேரன், பேத்தி பெயர்கள், கடைசியில் ஒரு சாமி பாட்டு. தப்பென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தை எடுத்துவிட்டு வேறொருவர் படத்தை வைத்தாலும் மலர் அவருக்கும் அப்படியே பொருந்திவிடும். எங்கள் அம்மாவுக்கு அது போதாது.

எங்கள் ஊர் கீரமங்கலத்துக்கும் வடகாட்டுக்கும் இடைப்பட்டது. நாங்கள் ஐந்து பிள்ளைகள். அப்பாவுக்குக் கடலைக் கொல்லையும் கொஞ்சம் தென்னை, பலாவும். அம்மா அந்தக் காலத்து இ.எஸ்.எல்.சி., அதாவது எட்டாம் வகுப்பு. எங்கள் தெருவில் அவ்வளவு படித்த பெண் அப்போது அவர் ஒருவர்தான். அதனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே ஊர் அவரைத் தேடி வந்தது. சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் போன ஆண்களுக்கு அவர்கள் பெண்சாதிகள் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதுவார். பதில் வந்தால் வாசித்துக் காட்டுவார். அதில் என்ன இருந்தது என்று எங்களிடம்கூட மூச்சு விட மாட்டார். நாங்கள் காது கொடுத்தால் 'போய்ப் படிங்க' என்று கொல்லைப்பக்கம் விரட்டிவிடுவார்.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு, படிக்காத பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிற அறிவொளி இயக்கம் வந்தபோது அம்மாவுக்கு 49 வயது. தொண்டராகப் பெயர் கொடுத்தார். எங்கள் வீட்டுத் திண்ணைதான் வகுப்பு. கடலை ஆய்ந்த கை, பூக் கட்டிய கை, கொல்லையில் களை வெட்டிய கை என்று இராத்திரி எட்டு மணிக்கு மேல் பெண்கள் வந்து உட்காருவார்கள். அரிக்கேன் விளக்குக்கு மண்ணெண்ணெய் ஆளுக்கு ஒரு நாள் முறை. ஒரு அப்பத்தா எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறார். மண்வெட்டி பிடிக்கிற பிடியில் பலப்பத்தைப் பிடிப்பார், அது பட்டென்று ஒடிந்துவிடும். இன்னொன்று கொடுத்தால் அதுவும் ஒடியும். அம்மா அவர் பின்னால் போய் உட்கார்ந்து, அவர் கைமேல் தன் கையை வைத்து, 'அமுக்காதீங்க அத்தை, கோலப்பொடி விடுற மாதிரி விடுங்க' என்று மெதுவாக நகர்த்துவார். அந்த அப்பத்தா தன் பெயரின் முதல் எழுத்துக்குச் சுழி போட்டு முடித்ததும் பலகையை யாருக்கும் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். அழிக்கச் சொன்னதற்கு மாட்டேன் என்றார்.

அந்த வருஷம்தான் அம்மா சைக்கிளும் கற்றுக்கொண்டார். அப்பாவின் கம்பி வைத்த ஆம்பிளை சைக்கிள். நடுக்கம்பியில் துண்டை மடித்துப் போட்டு என் மகனை உட்கார வைத்துக்கொண்டு அடுத்த ஊர் வகுப்புக்குப் போவார். அப்போது அவனுக்கு நான்கு வயது, நான் வேலைக்குப் போனதால் அம்மாவிடம் வளர்ந்தான்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன்.

அம்மாவின் தொண்டு வேலைக்குச் சம்பளம் கிடையாது, பதவி கிடையாது. ஆகவே காகிதமும் கிடையாது. பெட்டியில் கிடைத்தது ஒரு அறிவொளி பேட்ஜ், இரண்டு பாடப் புத்தகம், ஒரு நாற்பது பக்க நோட்டு. அந்த நோட்டில் வகுப்புக்கு வந்த பெண்கள் தங்கள் பெயரைத் தாங்களே எழுதியிருக்கிறார்கள். சில பெயர் நேராக, சில பெயர் கோட்டை விட்டு இறங்கி. அதை மலரில் அச்சிடலாமா? அவர்களிடம் கேட்க வேண்டுமா?

அறிவொளி பற்றி வருஷம், விவரம் தப்பில்லாமல் எழுத எங்கே தேடலாம்?

மூன்றாவது, தம்பிகள் சொல்வது: 'அம்மா அம்மாவாக இருந்ததைப் பெரிசா எழுது, ஊர் வேலையை ஒரு பக்கத்தில் முடி.' எனக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை. திண்ணையில் வகுப்பு நடக்கும்போது கடைசித் தம்பி அம்மா மடியில் தலை வைத்துத் தூங்குவான். மற்றவர்கள் வீட்டுப்பாடத்தை அங்கேயே உட்கார்ந்துதான் எழுதினார்கள். என்னை ஆசிரியர் பயிற்சியில் சேர்க்க அம்மா அட்டிகையை அடகு வைத்தார். அதே அம்மாதான், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இடுப்பு வலி கண்டபோது எங்கள் சோற்றை அப்படியே வைத்துவிட்டுப் புதுக்கோட்டை ராணியார் ஆஸ்பத்திரிக்கு அவளோடு பஸ் ஏறினார். இதை எப்படிப் பக்கம் பிரித்து எழுதுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பதில் 1: குளத்தூர் பழைய தொண்டர்

அம்மா, வணக்கம். நான் குளத்தூர் தாலுகாவில் அறிவொளிக்காக அலைந்தவன். இப்போது எழுபதை நெருங்குகிறேன். உங்கள் தாயாரைத் தெரியாது. ஆனால் நீங்கள் எழுதிய திண்ணையை எனக்குத் தெரியும், நாங்கள் போன ஊரில் எல்லாம் அப்படி ஒன்று இருந்தது.

விவரம் கேட்டீர்கள், எனக்கு உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988-ல் தொடங்கியது. 1990-ல் கேரளத்தில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதைப் பார்த்துத்தான் மற்ற மாவட்டங்களும் இறங்கின. இங்கே அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரும் பள்ளி ஆசிரியர்களும் படித்த இளவட்டங்களும் சேர்ந்தார்கள். வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் கலைப்பயணம் வரும். தெருவில் நாடகம் போடுவார்கள், பாட்டுப் பாடுவார்கள், அதைப் பார்த்துவிட்டுத்தான் பாதிப் பேர் பெயர் கொடுத்தார்கள். அ, ஆ என்று வரிசையாகத் தொடங்காமல் அவர்கள் புழங்குகிற சொற்களிலிருந்து எழுத்தைப் பிரித்துக் காட்டுவது நம் பாடமுறை. பாடப் புத்தகம் மூன்று பாகம். உங்களிடம் இரண்டு இருக்கிறது என்றால் ஒன்று யாரோ படிக்க வாங்கிப் போயிருப்பார்கள். அதுவும் நல்லதுதான்.

சைக்கிளைப் பற்றிக் கட்டாயம் எழுதுங்கள். அது உங்கள் வீட்டுச் சங்கதி மட்டும் இல்லை. பெண் தொண்டர்கள் பஸ் போகாத ஊருக்கெல்லாம் எப்படிப் போவது என்ற கேள்வியிலிருந்து வந்தது அது. ஆட்சியர் அதையும் எழுத்தறிவின் ஒரு பகுதியாகவே ஆக்கினார். பொம்பளை சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து, கிடைத்த ஆம்பிளை சைக்கிளிலேயே கற்றுக்கொண்டார்கள். பிள்ளையை உட்கார வைக்க நடுக்கம்பி தோதாக இருக்கிறது என்று பல பேர் அதையே விரும்பியும் எடுத்தார்கள், உங்கள் அம்மாவைப் போல. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இங்கே வந்து எழுதிய கட்டுரையில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிளுக்கு வந்ததாகச் சொல்லியிருக்கிறார். கேலி பேசினார்கள், ஜாடையாகப் பேசினார்கள். அதைக் காதில் வாங்காமல் மிதித்தார்கள். 49 வயதில் ஒரு பேரன் எடுத்த பெண் அதைச் செய்தார் என்றால் அதற்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கள்.

படிப்போடும் அது நிற்கவில்லை. கல் குவாரியில் கூலிக்கு உடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்தார்கள். அந்தச் சூழ்நிலையில் உங்கள் அம்மா இருந்தார் என்பதை இரண்டு வரியில் சொல்லிவிட்டால் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியும்.

தேடுவதற்கு: புதுக்கோட்டையில் அறிவியல் இயக்கத் தோழர்கள் இன்னும் இருக்கிறார்கள், பழைய துண்டறிக்கை, படம் வைத்திருப்பார்கள். திருக்கோகர்ணம் ஞானாலயா நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள், பழைய இதழ்கள் அங்கே உண்டு. ஆனால் முதல் வேலை அது இல்லை. நோட்டில் உள்ள பெயர்களில் யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று பார்த்து, போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். நூலகம் ஆறு மாதம் கழித்தும் இருக்கும். அவர்களுக்கு என் வயதுக்கும் மேலே.

---

பதில் 2: அச்சகத் தம்பி, அறந்தாங்கி

அக்கா, நாங்கள் அச்சகம் வைத்திருக்கிறோம், நினைவு மலர் நிறைய அடித்துக் கொடுக்கிறோம். வேலை சம்பந்தமாக மட்டும் சொல்கிறேன்.

நடுவில் பின் அடிக்கிற மலர் என்றால் பக்கம் நாலின் மடங்காக வரவேண்டும். 16 பக்கம் சின்னதாகிவிடும், நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் 32 வைத்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், பென்சில் எழுத்து எல்லாம் மங்கிப்போகும். ஸ்கேனர் உள்ள கடையில் 600 டிபிஐ-யில் எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தை வெட்டாமல், கோடு, கறை, மடிப்பு எல்லாம் தெரிய அப்படியே போடலாம். தனித்தனியாக வெட்டி அழகுபடுத்தினால் அது நோட்டாகத் தெரியாது.

அனுமதி: இருப்பவர்களிடம் நேரில் கேட்டுவிடுங்கள், இல்லாதவர்களுக்கு மகனிடமோ மகளிடமோ. சட்டத்துக்காகச் சொல்லவில்லை. 'எங்க அம்மா கைநாட்டா இருந்ததை ஊருக்குச் சொல்லணுமா' என்று ஒரு வீட்டில் மனசு வருத்தப்படலாம். அப்படிச் சொன்னால் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் சந்தோஷப்படுவார்கள், ஆளுக்கு இரண்டு பிரதி கேட்பார்கள்.

இன்னொன்று, குடும்பப் பெயர்ப் பட்டியல். உங்களுக்கு அது பெரிதாகத் தோன்றாது, ஆனால் ஒரு கொள்ளுப்பேரன் பெயர் விட்டுப்போனால் மலர் கையில் வந்த அன்றைக்கே வருத்தம் வரும். பட்டியலை உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டிச் சரி வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். ப்ரூஃப் இரண்டு தடவை பாருங்கள். புரட்டாசி பாதிக்குள் மேட்டர் வந்துவிட்டால் அவசரம் இல்லாமல் அடிக்கலாம்.

---

பதில் 3: வடகாட்டு மருமகள்

அக்கா, உங்கள் பதிவை என் மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். அவரும் அறிவொளியில்தான் படித்தார், வேறு ஊர், வேறு திண்ணை. இப்போது வயது 76. 'அந்தப் பொண்ணுக்கிட்ட இதையும் எழுதச் சொல்லு' என்று சொன்னார், அதனால் எழுதுகிறேன்.

படிக்க ஏன் போனீர்கள் என்று கேட்டால் பெரிய பெரிய காரணம் சொல்வார்கள் என்று நினைப்போம். என் மாமியார் போனது மொய் நோட்டுக்காக. நம் பக்கம் ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்துதான். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு வீடும் போடும். நாம் யாருக்கு எவ்வளவு செய்தோம், நமக்கு யார் எவ்வளவு செய்தார்கள் என்பது முழுக்க அந்த நோட்டில் இருக்கும். கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைப்பதற்குப் பதில் மொய் வாங்கிப் படிக்க வைக்கிற ஊர். அந்த நோட்டு வீட்டிலேயே இருந்தும் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல், பங்காளி வீட்டுப் பையனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்ல வேண்டும். அவன் வாசிக்கிறபோது நம் வீட்டு வரவு செலவு அத்தனையும் அவன் வீட்டுக்குத் தெரிந்துவிடும். 'என் நோட்டை நானே வாசிக்கணும்னுதான் போனேன்' என்கிறார். இன்றைக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானேதான் வாசிப்பார், கணக்குச் சரிபார்க்க என்னிடம் தருவார், என் வீட்டுக்காரரிடம் தர மாட்டார்.

உங்கள் அம்மா வகுப்புக்கு வந்தவர்களிடமும் கேளுங்கள், எதற்காக வந்தார்கள் என்று. பஸ் போர்டு படிக்க, ரேஷன் கார்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்க, மகன் கடிதத்தைத் தானே வாசிக்க என்று ஆளுக்கு ஒன்று வரும். அதைப் பெயருக்குப் பக்கத்திலேயே போட்டால் நன்றாக இருக்கும்.

பக்கம் பிரிப்பது பற்றி என் மாமியார் சொன்னது: எதற்குப் பிரிக்க வேண்டும்? வகுப்பு எடுத்த அக்கா வீட்டிலும் அஞ்சாறு பிள்ளைகள், அவர்கள் நடுவில்தான் எங்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகளை ஓரங்கட்டிவிட்டு எழுதினால் அது வேறு யார் கதையோ ஆகிவிடும் என்றார்.

---

கேள்வி கேட்டவர்: ஆலங்குடி மகள்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. குளத்தூர் ஐயா சொன்னபடி போன ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குப் போனேன். நோட்டில் இருக்கிற பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இப்போது உயிரோடு இல்லை. இருக்கிறவர்களில் ஒருவர் கண் சரியாகத் தெரியாமல் படுத்திருக்கிறார். நோட்டைக் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, 'என் பேரு மூணாவது பக்கத்துல கடைசி' என்றார். திருப்பிப் பார்த்தேன், அங்கேதான் இருந்தது. அச்சிடச் சம்மதமா என்று கேட்டதற்கு, 'பெரிசாப் போடு' என்றார். மற்றவர்களும் ஒருவர் தவிரச் சம்மதித்தார்கள். அந்த ஒருவர் பெயரை எடுத்துவிடுகிறேன்.

வடகாட்டுத் தங்கை, உங்கள் மாமியார் சொன்னதைத் தம்பிகளிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். நடுத் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவனே, தனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வந்தது அந்தத் திண்ணையில்தான், பள்ளிக்கூடத்தில் இல்லை என்றான். பெரிய பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பதைக் கேட்டுக் கேட்டு வந்ததாம். எனக்கே தெரியாத விஷயம். அதை அவன் கையாலேயே எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே ஊர் வேலை, வீட்டு வேலை என்று பிரிக்கப் போவதில்லை. வயது வரிசையில் எழுதுகிறேன். அறிவொளிக்குப் பிறகும் அம்மா சும்மா இருக்கவில்லை என்பதால் இன்னும் இரண்டு சேர்க்கிறேன்.

ஒன்று போலியோ சொட்டு மருந்து. 1995 டிசம்பரில் முதல் தடவை நாடு முழுக்கக் கொடுத்தார்களே, அப்போதிலிருந்து முட்டி வலி வந்து நிறுத்தும் வரை ஒவ்வொரு முகாமுக்கும் எங்கள் ஊர் பால்வாடியில் போய் உட்கார்ந்தார். பிள்ளையின் இடது கை சுண்டு விரலில் மை வைப்பது அவர் வேலை. மருந்துக் குப்பிமேல் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தின் நிறத்துக்குக் கறுத்துவிட்டால் அந்த மருந்து ஆகாது. பக்கத்தில் இருக்கிற சின்னப் பெண்களுக்கு அம்மா அதைக் காட்டிக் கொடுப்பார். சாயந்திரம் எந்த வீட்டுப் பிள்ளை வரவில்லை என்று அவருக்கே தெரியும். கொல்லைக் கொட்டகையில் தங்கிக் கூலி வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளைத் தேடி அந்த சைக்கிளிலேயே போவார். 2014-ல் இந்தியாவில் போலியோ இல்லை என்று அறிவித்த செய்தியை டிவியில் பார்த்தபோது எங்களை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

இரண்டாவது கஜா. 2018 நவம்பர் 16 விடியக்காலை அடித்துவிட்டுப் போன புயலில் எங்கள் தென்னை, பலா எல்லாம் போயிற்று. அப்பா வைத்த மரங்கள். அப்பா அப்போது இல்லை. நான் போய்ச் சேர்வதற்குள், அம்மா, 76 வயதில், கோயில் கொட்டகையில் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருந்தார். ஊரில் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது, தண்ணீர் இல்லை. ஆளுக்கு இருந்த அரிசியைக் கொண்டுவரச் சொல்லிப் பொதுவில் பொங்கினார்கள். கீரமங்கலம் பக்கம் அப்போது பல ஊரில் அப்படித்தான் நடந்தது. விழுந்த பலாவைப் பார்த்து அவர் அழுததை நான் பார்த்தேன், ஆனால் அது மூன்றாம் நாள் இராத்திரி, எல்லாரும் சாப்பிட்ட பிறகு.

ஐயாவிடம் ஒரு உதவி. பேட்ஜோடு ஒரு படமும் இருக்கிறது. புதுக்கோட்டையில் பெண்கள் வரிசையாக சைக்கிளோடு நிற்கிறார்கள், சைக்கிளில் எல்லாம் கொடி. 1992 மகளிர் தின ஊர்வலம் என்று நினைக்கிறேன். அம்மா ஓரத்தில் நிற்கிறார், பக்கத்தில் நிற்பவர்கள் யார் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. உங்கள் பக்கத்துத் தொண்டர்களாக இருக்கலாம். படத்தை ஸ்கேன் எடுத்ததும் அனுப்புகிறேன், பார்த்துச் சொல்ல முடியுமா?

---

பதில்: குளத்தூர் பழைய தொண்டர்

அனுப்புங்கள் அம்மா. 1992 மகளிர் தின வாரத்தில் ஆயிரத்தைந்நூறு பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருவில் போனார்கள். நானும் ரோட்டோரம் நின்று பார்த்தேன். எங்கள் தாலுகாப் பெண்கள் யாரும் படத்தில் இருந்தால் முகம் பார்த்தே சொல்லிவிடுவேன், எனக்குத் தெரியாதவர்களைக் கண்டுபிடிக்கக் கந்தர்வகோட்டையில் ஒரு ஆசிரியர் இருக்கிறார், அவரிடமும் காட்டுகிறேன். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் எடுக்க மறக்காதீர்கள், ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் அங்கே இருக்கலாம். மலர் வந்ததும் எனக்கு இரண்டு பிரதி வேண்டும்.

---

பதில்: அச்சகத் தம்பி, அறந்தாங்கி

அக்கா, போலியோவும் கஜாவும் சேர்ந்தால் 32 பக்கம் பற்றாது. 40 ஆக்கிவிடுங்கள். நடுப்பக்கம் இரண்டையும் சேர்த்து அந்த சைக்கிள் படத்தை அகலமாகப் போடலாம். பின் அடிக்கிற இடத்தில் யார் முகமும் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.